சதுரங்க விற்பன்னர் சுல்தான் கான்

என் பாட்டனார் என்னோடு சதுரங்கம் ஆட உட்காரும்போது, முதலில் தமது யானைகள் இரண்டில் ஒன்றை எடுத்து வெற்றிலைத் தட்டத்தில் வைத்துவிடுவார். அதன் பின்னரே ஆட்டம் தொடங்கும். நான் அவரை இடைக்கிடை வெல்லத் தொடங்கியதும் யானைக்குப் பதிலாகக் குதிரை தட்டத்துக்குப் போயிற்று. பின்னர் ஒரேயொரு காலாள் போயிற்று. தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் தவிர வேறொன்றும் இல்லாமல் இருவரும் சமமாக ஆடிய நாள் எனக்குப் பதினான்கு வயதானபோதுதான் வந்தது. அன்று இருபது நகர்வுக்குள் தோற்றேன். தோற்றவனைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் இருந்த மகிழ்ச்சி, யானையை விட்டுக் கொடுத்து என்னை வென்ற நாள்களில் இருந்ததில்லை.

அவர் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை பார்த்தவர். 1914இல் புகையிரதமும் கப்பலுமாக இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த வழி அது. தனுஷ்கோடியிலிருந்து வரும் கப்பல் மக்களை மட்டும் கொண்டுவரவில்லை. மதராசுப் பத்திரிகைகளையும், அவற்றைப் படித்து முடித்த பயணிகளின் வாய்க்கதைகளையும் சேர்த்தே இறக்கிற்று. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பழைய வழி முடிந்தது. அதன் பின் சில காலம் இராமேச்சுரத்திலிருந்து கப்பல் வந்தது. பாட்டனார் சதுரங்கத்தைக் கற்றதும் அத்துறையில்தான். கீழக்கரைத் தோணிக்காரர் ஒருவர் கற்றுக் கொடுத்தாராம். மணலில் அறுபத்து நான்கு கட்டங்களைக் கீறி, சங்குத் துண்டும் சிப்பியும் காய்களாக வைத்து ஆடிய ஆட்டம் அது. மரக்காய்கள் பின்னர் வந்தன. அவற்றுள்ளும் ஒரு தேர் காணாமற்போய், அதனிடத்தில் ஒரு சங்குத் துண்டு நெடுங்காலம் சேவகம் செய்தது.

எங்கள் வீட்டுச் சதுரங்கம் இன்று பாடசாலைகளில் பழக்கப்படும் சதுரங்கம் அன்று. காலாள் எந்நிலையிலும் ஓரடியே வைக்கும். முதல் நகர்வில் இரண்டடி பாயும் உரிமை அதற்கு இல்லை. அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளும் முறையும் இல்லை. அதற்கு ஈடாக அரசன், எதிரியின் தாக்குதலுக்கு ஒருமுறையும் ஆளாகாதிருந்தால், ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாவலாம். எதிரியின் கடைசி வரிசையை எட்டும் காலாள் விரும்பிய காயாக மாறிவிடாது. அது எந்த நிரலில் போய்ச் சேர்ந்ததோ அந்த நிரலுக்குரிய காயாகவே எழும். இந்த விதிகளில் ஊருக்கு ஊர் சிறு வேற்றுமை உண்டு. ஆயினும் பொதுவாக நோக்கின், வட இந்தியாவில் மக்கள் ஆடிவந்த பழைய ஆட்டமும் இதுவே. இதில் படைகள் ஒன்றையொன்று சந்திக்கக் காலம் பிடிக்கும். முதற் பத்து நகர்வுகளில் இரத்தம் சிந்துவது அரிது. ஆடுபவர் அவசரமின்றித் தம் அணிவகுப்பை அமைத்துக்கொள்வார். எதிரியும் அவ்வாறே செய்வார். தொடக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை.

இவ்விதிகளில் வளர்ந்த ஒருவர் சீமைக்குப் போய், அங்குள்ள விதிகளில், அங்குள்ள பெரியவர்களையே வென்றார் என்று பாட்டனார் கப்பல்துறைக் கதைகளுள் ஒன்றாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. கதை மெய் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் நூல்களில் கண்டேன். சுல்தான் கான் என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையைச் சதுரங்கம் அறியாத அன்பர்களும் அறிந்திருத்தல் நன்று என்பது என் கருத்து.

அவர் 1903இல், அன்றைய பஞ்சாபின் மித்தா திவானா என்ற ஊரில் பிறந்தார். 1905 என்று கூறுவாரும் உளர். சமயப் பற்றும் நன்மதிப்பும் உடைய குடும்பம். தந்தையாரே சதுரங்க ஆசான். ஒன்பது வயதளவில் பலகையின் முன் உட்கார்ந்த சிறுவர், இருபத்தொரு வயதுக்குள் பஞ்சாபில் தமக்கு நிகர் இல்லாதவரானார். அந்நாளில் அவர் ஆடியதெல்லாம் ஓரடிக் காலாள் ஆட்டமே.

அவ்வட்டாரத்தின் பெரும் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் என்பவர். குதிரையிலும் வேட்டைப் பருந்திலும் ஈடுபாடு கொண்டவர்; ஆங்கில அரசுக்கு நெருங்கியவர். சதுரங்கப் பிரியரும் ஆதலால், இளைஞர் சுல்தான் கானைத் தம் அரவணைப்பில் கொண்டு, 1926 அளவில் ஐரோப்பிய விதிகளைப் பயில்வித்தார். இரண்டே ஆண்டுகளில், 1928இல், அகில இந்தியப் போட்டியில் ஒரு தோல்வியும் இன்றி, ஓர் ஆட்டத்தை மட்டும் சமன் செய்து, மற்றவற்றையெல்லாம் வென்று முதன்மை பெற்றார். மறு ஆண்டு சர் உமர் இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபைக் கடமைக்காக இலண்டனுக்குச் சென்றபோது இவரும் உடன் சென்றார்.

அங்கே முதலில் நேர்ந்தது தோல்வியே. 1929 கோடையில், இவருக்குப் பயிற்சியாக அமையட்டும் என்று ஒரு சிறு போட்டியை நடத்தினார்கள். அதில் இவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வில்லியம் வின்டர், பிரடெரிக் யேட்ஸ் என்ற ஆங்கில ஆட்டக்காரர் இருவரும் இவர்மேல் இரக்கங் கொண்டு தொடக்க நகர்வுகளைக் கற்பித்தனர். கற்பித்தவர்கள் எவ்வளவு கற்பித்திருக்க இயலும்? கிடைத்தவை சில வாரங்களே. ஆயினும் அதே கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரித்தானியச் சாம்பியன் போட்டியில், அப்பேரரசின் குடிமகன் என்ற உரிமையில் கலந்துகொண்ட இவர், எல்லாரையும் பின்தள்ளிப் பட்டத்தைப் பெற்றுவிட்டார். ஆங்கிலம் பேசத் தெரியாதவர். ஐரோப்பிய விதிகளோடு மூன்றாண்டுப் பழக்கமே உடையவர்.

இவருடைய ஆட்டத்தைப்பற்றி எழுதிய ஐரோப்பியர் அனைவரும் ஒரு குறையைச் சுட்டினர்: தொடக்கம் தெரியாது என்பதே அது. இதனை விளங்கிக்கொள்ள, சமமின்றி ஆடும் ஆட்டங்களைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும்.

வலியவன் மெலியவனுக்குக் காய் விட்டுக் கொடுத்து ஆடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இலண்டனிலும் பாரிஸ் நகரிலும் காப்பிக் கடைகளில் ஒரு காலாளும் முதல் நகர்வும், ஒரு குதிரை, ஒரு யானை என இவ்வாறு கொடுத்தே பெரும்பாலும் ஆடினார்கள். இப்பழக்கத்தைக் கலையாகவே வளர்த்தவர் யப்பானியர். நம் சதுரங்கத்தின் தொலைதூர உறவாகிய அவர்களது ஷோகி ஆட்டத்தில் எண்பத்தொரு கட்டங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது காய்கள். வெட்டுண்ட காய் இறப்பதில்லை. வென்றவன் கையில் சேர்ந்து, அவனுடைய படைவீரனாக மீண்டும் பலகையில் இறங்கும். அங்கும் காலாள் ஓரடியே வைக்கும். ஆதலின் தாக்கும் முன்னர் அரசனைச் சுற்றிப் பொன் தளபதி, வெள்ளித் தளபதி என்னும் காய்களால் அரண் அமைப்பது அவர்கள் வழக்கம். யானைபோல் நேர்கோட்டில் ஓடும் பெருங்காயைத் தன் நிரலிலேயே வைத்துத் தாக்குவதா, வேறு நிரலுக்கு மாற்றித் தாக்குவதா என்பதைக் கொண்டே தொடக்கங்களை இரு பெரும் பிரிவாக வகுத்திருக்கிறார்கள். இருவருக்கும் தகுதியில் வேறுபாடு இருப்பின் மேலவர் ஓர் ஈட்டியையோ, ஒரு பெருங்காயையோ, இரண்டு பெருங்காய்களையுமோ, அதற்கு மேலுமோ நீக்கிவிட்டு ஆடுவார். முதல் நகர்வு அவருடையது. எதை நீக்கினாரோ அதற்கேற்பத் தாக்கும் வழியும் மாறும். ஓரத்து ஈட்டி இல்லையாயின் எளியவர் அந்த ஓரத்தை உடைக்கவே படை திரட்டுவார். மேலவர் அதை எதிர்பார்த்துத் தம் பெருங்காயை அப்பக்கம் நகர்த்துவார். இவ்வாறு ஒவ்வொரு விட்டுக்கொடுப்புக்கும் தனித்தனித் தொடக்கங்கள், தனித்தனி நூல்கள்.

சுல்தான் கானும் காய் விட்டு ஆடியவரே என்பது என் துணிபு. அவர் விட்டுக் கொடுத்தது யானையையோ குதிரையையோ அன்று. தொடக்கத்தையே விட்டுக் கொடுத்தார். எதிரே அமர்ந்த ஐரோப்பியர் முதற் பதினைந்து நகர்வுகளைப் பிறர் நூலிலிருந்து எடுத்து ஆடுவர். இவரோ முதல் நகர்விலிருந்தே தம் மூளையால் ஆட வேண்டும். பதினைந்து நகர்வின் முடிவில் இவருடைய நிலை பெரும்பாலும் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். அதன் பின்னர்தான் இவருடைய ஆட்டம் தொடங்கும். என் பாட்டனார் யானையைத் தட்டத்தில் வைத்தது அன்பினால்; இவருக்கு வைப்பதா வேண்டாவா என்ற தெரிவே இருக்கவில்லை. அவ்வளவே வேற்றுமை.

இங்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரடிக் காலாள் ஆட்டம் ஐரோப்பியரிடம் கற்க மட்டும் வந்த ஆட்டம் அன்று, கற்பிக்கவும் செய்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற வழக்கறிஞர் இருந்தார். அவரோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியர் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். காலாட்களை ஓரடியாக வைத்து, தேரைப் பக்கத்தில் ஒதுக்கி நெடுங்கோட்டில் நிறுத்தி, நடுப்பகுதியை எதிரிக்கே விட்டுக் கொடுத்து, பின்னர் அதைத் தாக்கும் முறை அவருடையது. சொந்த ஊரின் விதிகள் கைக்குப் பழக்கிய நடை அது. அந்நாளில் விநோதமாகத் தோன்றிய அம்முறை, 1920களில் ஐரோப்பாவின் புதுமையாளர் கையில் உயர்ந்த கொள்கையாயிற்று. இந்தியத் தடுப்பு என்ற பெயரோடு அது இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆகவே, இந்தியர்க்குத் தொடக்கம் தெரியாது என்று கூறியவர்கள், தாம் ஆடிய தொடக்கத்தின் பெயரை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நான் ஆசிரியனாக இருந்த பாடசாலை ஒன்றில் மாணாக்கர்க்குச் சதுரங்கம் பழக்கினேன். பேசாலைப் பக்கத்திலிருந்து கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். காலாளை எப்பொழுதும் ஓரடியே வைத்தான். இரண்டடி வைக்கலாம் என்று சொல்லியும் வைக்கவில்லை. அரசனைக் கோட்டைக்குள் அனுப்பாமல் நடுவிலேயே நிறுத்தினான். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில், இது பிழையான ஆட்டம், இதை மறந்துவிட்டு வா என்று நான் கூறினேன். அவன் ஒன்றும் பேசாமல் காய்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனான். அடுத்த கிழமை வரவில்லை. பின்னர் எப்பொழுதும் வரவில்லை. எவரிடம் அந்த ஆட்டத்தைக் கற்றாய் என்று ஒரு வார்த்தை அவனிடம் கேட்டிருக்கலாம். என் பாட்டனாரின் பலகை என் வீட்டுப் பரணில் இருக்கும்போதே நான் அதைக் கேட்கவில்லை.

சுல்தான் கானின் புகழ்பெற்ற ஆட்டத்தை முழுதாக நான் ஆடிப்பார்த்தது அதற்குப் பின்னரே. 1930ஆம் ஆண்டு முடிந்து 1931 பிறந்த நாள்களில் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த போட்டி அது. எதிரே அமர்ந்தவர் கியூபா நாட்டுக் காப்பாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். 1916க்கும் 1924க்கும் இடையில் ஓர் ஆட்டத்திலும் தோற்காதவர். வெள்ளைக் காய்கள் சுல்தான் கானுக்கு. காப்பாபிளாங்கா எடுத்துக்கொண்டதோ இந்தியத் தடுப்புகளுள் ஒன்று. விதியின் விளையாட்டு என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா?

ஐந்தாவது நகர்வில் சுல்தான் கான் இடக்கோடியிலுள்ள யானைக் காலாளை ஓரடி முன்வைத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு காயையும் வெளிக்கொணராத நகர்வு. நடுப்பகுதிக்காகப் போராடாத நகர்வு. பிள்ளைகளின் கொப்பியில் கண்டால் நானே சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன். எதிரியின் தேர் அமர விரும்பும் கட்டத்தை முன்கூட்டியே மறுப்பதே அதன் நோக்கம். பிற்காலத்தில், 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியனாக இருந்த பெத்ரோசியன் அந்த நகர்வைத் தம் முறையாக்கினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் இளைஞர் கஸ்பரோவ் அதைக்கொண்டு பலரை வீழ்த்தினார். தொடக்கம் தெரியாதவர் என்று கூறப்பட்டவர் வைத்த ஓரடி அது.

ஆட்டத்தின் எஞ்சிய பகுதியும் வியப்புக்குரியதே. வெள்ளை அரசன் கோட்டை கட்டிக்கொள்ளவில்லை. அரசன் நடுவில் நிற்க, வலப்பக்கத்துக் காலாட்களை வெள்ளையர் முன்னே தள்ளினார். காப்பாபிளாங்கா தம் யானைகள் இரண்டையும் திறந்த நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, வெள்ளை முகாமுக்குள் நுழைந்து அரசனைத் தாக்கினார். கண்டவர், வெள்ளையர் அகப்பட்டுக்கொண்டார் என்றே எண்ணியிருப்பர். சுல்தான் கான் தம் மந்திரியைக் கொடுத்தார். ஐரோப்பியர் இராணி என்று அழைக்கும் அப்பெருங்காயைக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த யானைகள் இரண்டையும் வாங்கிக்கொண்டார். வெட்டி முடித்தது அவருடைய அரசனே. அதன் பின் தனித்த மந்திரி ஒருபுறம், இரண்டு யானைகள் மறுபுறம். கறுப்பு மந்திரி அங்குமிங்கும் அலைந்தது. புகும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டது. அவசரம் ஒரு நகர்விலும் இல்லை. 65ஆவது நகர்வில் காப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். மேதை என்ற சொல்லை எளிதில் எவருக்கும் வழங்காத அவர், பின்னர் இவரைக் குறித்து எழுதும்போது அச்சொல்லையே வழங்கினார்.

அவ்வாண்டுகளின் வெற்றிகளை விரைந்து கூறிவிடுகிறேன். 1930இல் லீஜ் நகரில் தார்த்தகோவருக்கு அடுத்த இடம். 1931 தொடக்கத்தில் அதே தார்த்தகோவரோடு பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டி. ஆறரைக்கு ஐந்தரை என்று வெற்றி. ஹாம்பர்க், பிராக், போக்ஸ்டன் ஆகிய மூன்று ஒலிம்பியாட்களிலும் இங்கிலாந்துக்காக முதற்பலகையில் அமர்ந்தார். ஆண்டவரின் நாட்டுக்காக ஆளப்பட்டவர் முதற்பலகையில் அமர்ந்த விந்தை அது. பிராக் நகரில் 1931இல் ரூபின்ஸ்டைனையும் புளோரையும் வென்றார். அந்நாளைய உலகச் சாம்பியன் அலெக்கைனோடு சமன் செய்தார். 1932இலும் 1933இலும் பிரித்தானியப் பட்டம் மீண்டும் அவருக்கே. உலகின் முதற் பத்து ஆட்டக்காரருள் ஒருவர் என்று அவரை மதிப்பிடுவதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பஞ்சாபின் வெயிலில் வளர்ந்தவர் இலண்டனின் ஈரத்தில் ஓயாது நோயுற்றார். மலேரியாவும் சளியும் தொண்டை நோயும் மாறி மாறி வந்தன. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டே பல ஆட்டங்களை ஆடியிருக்கிறார். வெளியே எவரோடும் பேச மொழி இல்லை. பலகையின் முன் அவர் முகத்தில் வெற்றியும் தோல்வியும் ஒரே தன்மையாகவே தோன்றின என்று கண்டவர் எழுதியிருக்கின்றனர்.

சர் உமரின் இல்லத்தில் பாத்திமா என்ற இளம்பெண்ணும் இருந்தார். அவரும் அங்கேயே சதுரங்கம் பயின்று, 1933இல் பிரித்தானிய மகளிர் பட்டத்தைப் பெற்றார். பதினொரு ஆட்டங்களில் பத்தை வென்று, ஒன்றைச் சமன் செய்தார், தோல்வியே இல்லை. ஒரே ஆண்டில் ஆடவர் பட்டமும் மகளிர் பட்டமும் ஒரே வீட்டுக்குப் போயின. இச்செய்தியை நம் நூல்கள் ஏன் அடிக்கோடிட்டு எழுதவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அதே 1933இல் நடந்ததாக ஒரு விருந்துக் கதை உண்டு. அமெரிக்க அணியினரைச் சர் உமர் தம் இல்லத்துக்கு அழைத்தார். உணவு பரிமாற வந்தவர்களுள் ஒருவர் சுல்தான் கான் என்று கண்டு, விருந்தினர் கூசிப் போயினர் என அவ்வணியின் ரூபன் பைன் எழுதினார். எழுத்தறிவு இல்லாத வேலைக்காரர் உலக வீரரானார் என்ற பெயர் இவருக்கு இத்தகைய கதைகளால் வந்தது. 2020இல் ஆங்கிலத்தில் வெளிவந்த வரலாற்று நூலொன்றின் தலைப்பே இவரை வேலைக்காரர் என்று குறிக்கிறது. இவருடைய வழித்தோன்றல்கள் அதனை மறுக்கின்றனர். குடும்பம் நிலபுலம் உடையது, இவர் எழுத்தறிவு உடையவர், குர்ஆனை மனப்பாடமாக ஓதவல்லவர் என்பது அவர்கள் கூற்று.

விருந்தில் நடந்ததைத் தீர்ப்பதற்கு நான் யார்? ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆங்கிலம் அறியாதவரை எழுத்தறியாதவர் என்று குறிப்பது நம் நாட்டுக் கந்தோர்களிலும் ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. உருதுவும் பஞ்சாபியும் பேசி, அரபில் மறை ஓதிய ஒருவர், இலண்டன் அறையொன்றில் பேசாமல் நின்றால், பார்ப்பவர் அவரிடம் மொழியே இல்லை என்று எண்ணிவிடுவர். அவருடைய தொடக்கத்தைப்பற்றிய தீர்ப்பும் இவ்வகையினதே என்பது என் ஐயம்.

1933 மார்கழியில் சர் உமரோடு அவர் தாயகம் திரும்பினார். சிறையிலிருந்து விடுபட்டவரைப்போல் அவர் உணர்ந்தார் என்று பாத்திமா முதுமையில் நினைவுகூர்ந்தார். 1935இல் கதில்கர் என்பவரோடு பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதை வென்று, ஒன்றைச் சமன் செய்தார். அத்துடன் உலக அரங்கில் அவர் பெயர் கேட்பது நின்றது. முப்பது வயதைச் சற்றே கடந்தவர். சதுரங்கர்க்கு அது உச்சிவேளை. 1944இல் சர் உமர் மறைந்தார். 1947இல் நாடு பிரிந்தது. அவருடைய ஊர் பாகிஸ்தானுக்குள் சென்றது. தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கத்தை ஊக்கவில்லை. வாழ்க்கையில் பயனுள்ள வேறு எதையாவது செய்யுங்கள் என்று அறிவுறுத்தினார் என்பர். கசப்பினால் கூறினாரா, களைப்பினாலா, தெளிவினாலா என்று சொல்வது அரிது. 1966 ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் காசநோயால் மறைந்தார்.

அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் 1950இல் கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை ஏற்படுத்தி, உயிரோடிருந்த பழைய வீரர் சிலருக்கும் அதை வழங்கிற்று. பிராக் நகரில் இவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. அதன் பின் பதினாறு ஆண்டுகள் இவர் உயிரோடு இருந்தார். எங்கே இருக்கிறார் என்று தேடிப்பார்க்க எவருக்கும் தோன்றவில்லை போலும். 2024ஆம் ஆண்டில், மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்ற பின், அச்சம்மேளனத்தின் தலைவர் பாகிஸ்தானுக்குச் சென்றபோது, மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை இவர் பெயருக்கு அளித்தார்.

அச்செய்தியைப் படித்த அன்று பரணிலிருந்து பாட்டனாரின் பலகையை இறக்கித் தூசி தட்டினேன். காய்கள் எல்லாம் இருந்தன. சங்குத் தேரும் இருந்தது. ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது நகர்வில் ஓரத்துக் காலாளை ஓரடி வைத்தபோது அந்தப் பேசாலைப் பையனின் முகம் வந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. பழைய வரவுப் பதிவேடு எங்கேனும் கிடைக்குமா என்று மறுநாள் விசாரித்தேன். போர்க்காலத்தில் போயிற்று என்றார்கள். பலகையை மீண்டும் பரணில் ஏற்றவில்லை. திண்ணையில் வைத்திருக்கிறேன், அயல் வீட்டுப் பிள்ளை ஒருத்தி மாலையில் வந்து உட்காருகிறாள். காலாளை ஓரடி வைப்பதா இரண்டடி வைப்பதா என்று அவள் கேட்டாள். முதலில் உன் வீட்டில் எப்படி என்று நான் கேட்டேன்.